யாருக்குப் பயிற்சி, எந்த ஊரில் பயிற்சி? கிராமத்து மருத்துவப் பணியிடங்களை நிரப்பும் வழி

தாலுகா மருத்துவமனை ஒன்றில் இரவு பத்து மணிக்கு ஒரு பிரசவம் சிக்கலாகிறது. அறுவை செய்யத் தெரிந்த மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். அறுவை அரங்கு இருக்கிறது, செவிலியர்கள் இருக்கிறார்கள், ரத்தமும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் மட்டும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். 108 வண்டி அறுபது கிலோமீட்டர் ஓடுகிறது. மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை என்று நாம் பொதுவாகச் சொல்வது நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஐந்து பேர் கூடிச் செய்ய வேண்டிய வேலைக்கு நான்கு பேர் வந்து நிற்பார்கள். ஐந்தாமவர் இல்லாததால் அந்த நால்வரின் படிப்பும் அந்த இரவில் பயன்படாமல் போகும்.

ஒன்றிய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரத்தில் 2022 மார்ச் 31 நிலவரம் இது: நாட்டில் ஊரகச் சமுதாய சுகாதார நிலையங்கள் 5,480. ஒவ்வொன்றிலும் அறுவை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், பொது மருத்துவர், குழந்தை மருத்துவர் என நால்வர் இருக்க வேண்டும். அப்படியானால் தேவை 21,920 பேர். பணியில் இருந்தவர்கள் 4,485 பேர். ஐந்து இடங்களில் நான்கு காலி. 2005ஆம் ஆண்டின் கணக்கில் இந்த எண்ணிக்கை 3,550. பதினேழு ஆண்டுகளில் ஆயிரம் பேர்கூடக் கூடவில்லை. இதே காலத்தில்தான் மருத்துவக் கல்லூரிகள் மளமளவென்று பெருகின. 2014இல் 51,348ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. (தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த அட்டவணையைக் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கே சமுதாய சுகாதார நிலையம் என்று கணக்கில் வருபவை மேம்படுத்தப்பட்ட வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள். சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கிறார்கள்.)

இடங்களைக் கூட்டினால் ஆட்கள் கிராமத்துக்குத் தாமே வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பயிற்சிதான் தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற கேள்வியிலேயே நம் திட்டங்கள் நின்றுவிடுகின்றன. யாரைத் தேர்ந்தெடுத்து, எந்த ஊரில் வைத்துப் பயிற்றுவிக்கிறோம், முடித்த பிறகு அவர் ஏறுவதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறதா என்பவைதான் ஒருவர் ஓர் ஊரில் தங்குவதையும் போவதையும் முடிவு செய்கின்றன.

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. வயதில் மூத்தவர்களுக்கு 'எல்.எம்.பி. டாக்டர்' என்ற பெயர் நினைவிருக்கும். பட்டம் அல்லாத, உரிமச் சான்றிதழ் பெற்ற மருத்துவர்கள் அவர்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் முதலில் இந்தப் படிப்பைத்தான் நடத்தியது. 1942இல்தான் பட்டப் படிப்புக்கு மாறியது. விடுதலைக்கு முன் நாட்டின் சுகாதாரத்தை ஆராய 1943இல் அமைக்கப்பட்ட போர் (Bhore) குழு, நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்கள் 47,524 பேர் என்றும் அவர்களில் 29,870 பேர் உரிமச் சான்றிதழ் மருத்துவர்கள் என்றும் கணக்கிட்டது. மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய எண்ணிக்கை. சென்னையின் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த அந்தக் குழு, 1946இல் தந்த அறிக்கையில் இந்தப் படிப்பை நிறுத்திவிட்டு ஒரே தரமான பட்ட மருத்துவரை மட்டும் உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உறுப்பினர்கள் சிலர் இதற்கு உடன்படாமல் தனிக்குறிப்பு எழுதினார்கள்.

பரிந்துரைக்குப் பின்னால் இருந்த எண்ணம் உயர்ந்தது. நகரத்து மனிதனுக்கு முழு மருத்துவர், கிராமத்து மனிதனுக்கு அரை மருத்துவர் என்ற பாகுபாடு சுதந்திர நாட்டில் இருக்கக் கூடாது என்று அவர்கள் கருதினார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் படிப்பை நிறுத்திய வேகத்தில், அந்த மருத்துவர்கள் இருந்த ஊர்களுக்குப் பட்ட மருத்துவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு நடக்கவில்லை. காலியான இடத்தில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள் ஊசி போட உட்கார்ந்தார்கள். இன்றும் பல மாநிலங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு இதற்கு ஒரு வழி கண்டது. அதற்கு நாம் கொடுத்திருக்கும் பாராட்டு போதாது என்பது என் எண்ணம். மேற்படிப்பு இடங்களில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கும் முறை அது. எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர்கிறார். சில ஆண்டுகள் அங்கே வேலை செய்கிறார். பிறகு அரசுக் கல்லூரி மேற்படிப்பு இடங்களில் மாநிலத்தின் பங்கில் பாதி அவரைப் போன்றவர்களுக்காகக் காத்திருக்கிறது. படித்து முடித்தால் மகப்பேறு மருத்துவராகவோ மயக்கவியல் மருத்துவராகவோ அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும். இதில் மருத்துவரின் சொந்த ஆசையும் ஊரின் தேவையும் ஒரே திசையில் ஓடுகின்றன. கிராமத்துப் பணி தண்டனையாக இல்லாமல், மேலே ஏறும் முதல் படியாக ஆகிறது. ஒரே ஏற்பாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவரும் கிடைக்கிறார், சில ஆண்டுகள் கழித்துத் தாலுகா மருத்துவமனைக்குச் சிறப்பு மருத்துவரும் கிடைக்கிறார்.

பேறுகாலத் தாய் இறப்பில் தமிழ்நாடு அடைந்த முன்னேற்றத்துக்குப் பின்னால் இந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 2001–03 கணக்கில் தமிழ்நாட்டில் 134, இந்தியாவில் 301. 2018–20 கணக்கில் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து அமர்த்தி இரவும் பகலும் பிரசவம் பார்க்க வைத்தது, சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சை மையங்களை மாவட்டம்தோறும் அமைத்தது, மருந்துக் கொள்முதலைச் சீர்ப்படுத்தியது, 2008 முதல் 108 வண்டிகளை ஓட்டியது ஆகிய எல்லாமும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் சீமாங் மையத்தில் நள்ளிரவில் நிற்கும் சிறப்பு மருத்துவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்டால், பெரும்பாலும் ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மேற்படிப்புக்குப் போய்த் திரும்பியவராக இருப்பார்.

இந்த ஒதுக்கீடு எளிதாக நிலைக்கவில்லை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு விதிகள் பட்டயப் படிப்பில் மட்டும் பணியிலுள்ளோர்க்கு 50 விழுக்காடு இடம் தந்தன. பட்ட மேற்படிப்பில் ஊக்க மதிப்பெண் மட்டும்தான் என்றன. நீட் வந்த பிறகு வழக்குகள் நெருக்கின. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதோடு, இப்படிப் படித்தவர்கள் ஊரக, பழங்குடி, கடினப் பகுதிகளில் ஐந்து ஆண்டாவது பணியாற்ற மாநிலங்கள் வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பின் இந்தப் பிற்பகுதியை நாம் முன்பகுதியைப் போல அவ்வளவு உரக்கப் பேசவில்லை. பேச வேண்டும். ஏனென்றால் மேற்படிப்பு முடித்தவர் நகரத்து மருத்துவக் கல்லூரிப் பணியிடத்துக்கு மாறுதல் கலந்தாய்வில் நகர்ந்துவிடுவதும், மலைப்பகுதி மருத்துவமனை மீண்டும் காலியாவதும் இந்த முறையின் பெரிய ஓட்டை.

நீண்ட மேற்படிப்புக்கு மாற்றாகக் குறுகிய பயிற்சியும் முயன்று பார்க்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு 18 வாரம் மயக்கவியல் பயிற்சி, 16 வாரம் அவசர மகப்பேறு பயிற்சி என்று தேசிய அளவில் இரண்டு திட்டங்கள் வந்தன. திட்டம் சரியானது; நடத்திய விதம்தான் பல மாநிலங்களில் சறுக்கியது. மயக்க மருந்து கற்றவரை ஓர் ஊருக்கும், அறுவை கற்றவரை வேறோர் ஊருக்கும் போட்டார்கள். சில இடங்களில் கருவிகள் இல்லை. தனியாக இருந்து ஓர் உயிரைக் கையாளும்போது பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இல்லையே என்ற அச்சமும், ஏதாவது நேர்ந்தால் வழக்கு வருமே என்ற அச்சமும் கற்றவர்களைப் பின்வாங்க வைத்தன. சான்றிதழ் கொடுத்த நாளோடு பயிற்சி முடிந்துவிட்டதாகத் துறை நினைத்தது. கற்றவருக்கோ வேலைக்குப் போன முதல் ஆறு மாதம்தான் பயிற்சியின் முக்கியமான பகுதி. அந்தக் காலத்தில் தொலைபேசியில் கேட்கவாவது ஒரு மூத்த மருத்துவர் வேண்டும்.

மொசாம்பிக் நாட்டின் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. உள்நாட்டுப் போரின் நடுவே, மருத்துவர்களே அரிதாக இருந்த நிலையில், 1984இல் அந்நாடு மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களை அறுவைக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அவர்களை மாவட்ட மருத்துவமனைகளுக்கென்றே தேர்ந்தெடுத்து அங்கேயே பணியில் அமர்த்தியது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பார்த்தபோது மாவட்ட மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அவர்கள் கையால் நடந்திருந்தன. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் மாவட்டங்களிலேயே இருந்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. போர்க்காலத்து நாட்டின் அவசரம் வேறு, நம் நிலை வேறு. ஊருக்கென்று உருவாக்கப்பட்டவர் ஊரில் இருக்கிறார் என்ற ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டிலேயே சத்தீஸ்கர் இதைச் சோதித்தது. 2000இல் தனி மாநிலமான உடனேயே, மருத்துவர் இல்லாத காட்டுப் பகுதிகளுக்காக மூன்றாண்டு மருத்துவப் படிப்பை 2001இல் சட்டம் இயற்றித் தொடங்கியது. மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் சில ஆண்டுகளில் சேர்க்கை நின்றுபோனது. படித்து முடித்தவர்கள் பிறகு ஊரக மருத்துவ உதவியாளர்களாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களையும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் வழக்கமான நோய்களைக் கையாளும் திறனில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அசாம் 2004இல் இயற்றிய இதே போன்ற சட்டத்தை 2014இல் குவஹாத்தி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை வகுப்பது நாடாளுமன்றத்தின் வரம்பு என்பது காரணம். அசாமில் அந்தப் படிப்பை முடித்த இளைஞர்களைச் சமுதாய சுகாதாரப் பணியாளர்களாக ஏற்கும் வகையில் மாநிலம் வேறு சட்டம் கொண்டுவந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. திறமை இருந்தும் சட்டத்தின் அங்கீகாரம் இல்லாத பயிற்சி, அதைப் பெற்றவரையே நடுத்தெருவில் நிறுத்தும் என்பதற்கு இது சாட்சி.

அங்கீகாரம் பற்றிய இந்தக் கேள்வி தமிழ்நாட்டின் மலைகளில் இன்னும் கூர்மையாக எழுகிறது. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே வந்தார்கள். அதற்கு முன் காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். பக்கத்து மருத்துவமனைக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டிய ஊர் அது. ஓலைக் குடிசையில் வைத்தியம் தொடங்கியது. அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 150 பேர் அளவுக்கு ஓராண்டு முடியும் முன் இறந்துகொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து செவிலியரை வரவழைத்தால் தங்க மாட்டார்கள் என்பது முதல் ஆண்டிலேயே புரியக்கூடிய விஷயம். அவர்கள் அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களையே பயிற்றுவித்தார்கள்.

இரண்டு அடுக்காக நடந்தது அந்தப் பயிற்சி. ஓரளவு படித்த இளம்பெண்கள் மருத்துவமனையில் தங்கி, நோயாளியின் பக்கத்திலேயே நின்று, நாடி பார்ப்பதிலிருந்து பிரசவம் பார்ப்பது, அறுவை அரங்கில் உதவுவது வரை ஆண்டுக் கணக்கில் கற்றார்கள். ஊர்தோறும் ஊராருக்கு நம்பிக்கையான மூத்த பெண்கள் சுகாதார உதவியாளர்களாகக் கற்றார்கள். கர்ப்பிணியையும் பிறந்த குழந்தையையும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு இருபது என்ற அளவுக்கு இறங்கியது. இதில் மருந்தின் பங்கு பாதிதான் என்று தோன்றுகிறது. கர்ப்பிணி எந்த நேரத்தில் காட்டுவேலைக்குப் போவாள், மாமியார் எதைச் சாப்பிடக் கூடாது என்பாள், பிறந்த குழந்தையை எந்த மூலையில் கிடத்துவார்கள் என்பதெல்லாம் அந்த ஊர்ப் பெண்ணுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் செவிலியர் இதைக் கற்க இரண்டு ஆண்டு ஆகும். கற்றதும் அவருக்கு மாறுதல் வந்துவிடும்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1990இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் இதே பாதையில் நடந்தது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்துப் பெண்கள் அங்கே செவிலியராகப் பயிற்சி பெற்றார்கள். மருத்துவமனை என்றாலே அஞ்சி ஓடிய மக்கள், கதவைத் திறந்ததும் தங்கள் மொழியில் பேசும் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்தார்கள். வேறு எந்த விளம்பரத்தாலும் பெற முடியாத நம்பிக்கை அது.

ஆனால் இப்படி இருபது ஆண்டு அனுபவம் பெற்ற ஒரு பெண்ணின் பெயர் செவிலியர் மன்றப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் பள்ளி மேல்நிலைத் தேர்ச்சியும், அங்கீகாரம் பெற்ற செவிலியர் பள்ளியில் படித்த சான்றும் வேண்டும். அவை இல்லாவிட்டால் அரசுக் கணக்கில் அவர் செவிலியரே அல்ல. பதிவு முறையை நான் குறை சொல்லவில்லை. நோயாளியைக் காப்பது அந்தப் பதிவேடுதான். மருத்துவமனைக்குள் கற்ற கைத்திறனிலிருந்து அந்தப் பதிவேட்டுக்கு ஒரு நேர்மையான பாதை போடப்படவில்லை என்பதே என் குறை. திறந்தநிலைப் பள்ளித் தேர்வு, அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் தேர்வு, எஞ்சிய பாடங்களுக்கு மட்டும் ஓர் இணைப்புப் படிப்பு என்று அந்தப் பாதையைப் போட முடியும். சில அமைப்புகள் தங்கள் பெண்களை முறையான செவிலியர் படிப்புக்கு அனுப்பி, செலவையும் ஏற்று, திரும்ப அழைத்துக்கொள்கின்றன. அரசு செய்ய வேண்டியதை அவை செய்கின்றன.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லெய்டே தீவில் 1976இல் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று இதையே ஒரு கல்லூரியாக அமைத்தது. மாணவர்களை அவரவர் ஊர்தான் முன்மொழிய வேண்டும். முதலில் எல்லோரும் தாய் சேய் நலப் பணியாளராகப் படிக்கிறார்கள். பிறகு ஊருக்குத் திரும்பி வேலை செய்கிறார்கள். ஊர் ஒப்புக்கொண்டால் அடுத்து செவிலியர் படிப்பு. மீண்டும் ஊர்ப்பணி. தகுதியும் ஊரின் தேவையும் இருந்தால் மருத்துவர் படிப்பு. எந்தப் படியில் நின்றாலும் கையில் செல்லத்தக்க சான்றிதழும் வேலையும் உண்டு. உலகத்துக்கே செவிலியரை ஏற்றுமதி செய்யும் அந்த நாட்டில், இக்கல்லூரியில் படித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு நாட்டிலேயே தங்கியிருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதலின் முதல் பரிந்துரைகளும் இவையே: கிராமத்துப் பின்னணி உள்ளவர்களைச் சேருங்கள், பெருநகரங்களுக்கு வெளியே கல்லூரி வையுங்கள். தமிழ்நாட்டில் இந்த இரண்டு தளங்களிலும் ஏற்றமும் இறக்கமும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் விருதுநகர், இராமநாதபுரம், நாகப்பட்டினம், அரியலூர், கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி, நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் 1,450 இடங்களுடன் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி என்பது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கல்லூரியில் சேர்பவர் யார்? நீட் தேர்வின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, மருத்துவக் கல்லூரிகளில் கிராமப்புற மாணவர்களின் பங்கு நீட்டுக்கு முன் சராசரியாக 61 விழுக்காடாக இருந்தது 2020–21இல் 51 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது என்று காட்டியது. தமிழ்வழி மாணவர்களின் வீழ்ச்சி இன்னும் கொடியது. 14 விழுக்காடு அளவில் இருந்தது 2 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2020ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டது. அதைச் சமூக நீதி என்று பேசுகிறோம், சரிதான். பத்து ஆண்டுகள் கழித்து அரூர் போன்ற தாலுகா மருத்துவமனையில் யார் இருப்பார் என்ற கேள்விக்கான விடையும் அதில் இருக்கிறது.

இனி என் முக்கியமான கவலைக்கு வருகிறேன். மருத்துவருக்குக் கட்டிய படிக்கட்டைத் தமிழ்நாடு மற்றவர்களுக்குக் கட்டவில்லை.

ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று. அங்கே கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். கர்ப்பிணிக்கு பிக்மி என்ற பேறுகாலப் பதிவு எண் வாங்கித் தருவது, தடுப்பூசி போடுவது, பேறுகாலத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்தான். இரண்டாண்டு துணைச் செவிலியர் படிப்பு படித்தவர். பதவி உயர்வில் பகுதி சுகாதார செவிலியர், பிறகு சமுதாய சுகாதார செவிலியர் என்று ஒரு வரிசை உண்டு. அது மேற்பார்வைக்கான வரிசை. நோயாளியைக் கையாளும் திறனை வளர்க்கும் வரிசை அல்ல. விதிப்படி பதிவு பெற்ற துணைச் செவிலியர் மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பில் சேரலாம். ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சம்பளத்தை விட்டுவிட்டு யார் மூன்று ஆண்டு படிக்கப் போவார்? மருத்துவருக்குப் படிக்கும் காலத்திலும் சம்பளம் வருகிறது, பணிமூப்பு தொடர்கிறது, இடமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கிராம சுகாதார செவிலியருக்கும் அதே ஏற்பாட்டை விரிவாகச் செய்வதற்கு என்ன தடை?

2018க்குப் பிறகு நலவாழ்வு மையங்களுக்காகச் செவிலியர்களை இடைநிலை சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தும் திட்டம் வந்தது. நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் துணை நிலையத்திலேயே பார்க்கும் நல்ல திட்டம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இவர்களோடும் மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்களோடும் சேர்ந்து நடக்கிறது, 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது. ஆனால் இடைநிலைப் பணியாளர்கள் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். மகளிர் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் ஆண்டுக் கணக்கில் ரத்த அழுத்தம் பார்த்துப் பழகியவர்கள். அந்த அனுபவம் எந்தப் படிப்புக்கும் அவர்களைக் கொண்டுபோவதில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015இல் சேர்ந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்து, 2017 நவம்பரில் சென்னையில் போராட வேண்டி வந்ததை மறக்க முடியாது. தேர்வெழுதித் தகுதி பெற்றவரையே இப்படி நடத்தினால் அவர் வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிப்பதில் வியப்பில்லை. நாம் செலவழித்துப் பயிற்றுவித்தவர் இன்னொரு நாட்டின் பற்றாக்குறையைத் தீர்க்கப் போகிறார்.

பணியில் இருப்பவர்களுக்கு நடக்கும் குறுகிய பயிற்சிகள் பற்றியும் ஒரு சொல். துணை நிலையத்தில் இருப்பவர் ஒரே செவிலியர். அவரை மாவட்டத் தலைநகருக்கு ஒரு வாரம் அழைத்தால் அந்த வாரம் அந்த ஊருக்கு யாரும் இல்லை. ஆள் குறைந்த இடத்தில் பயிற்சியும் குறைகிறது. இதை உடைக்கும் வழிகள் உண்டு. நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் தொடங்கிய எக்கோ முறையில், ஊரகப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை இருந்த இடத்திலிருந்தே தங்கள் நோயாளியைப் பற்றிச் சிறப்பு மருத்துவர்களோடு காணொளியில் கலந்து பேசுகிறார்கள். கல்லீரல் அழற்சி நோயில் அவர்கள் தந்த சிகிச்சை பல்கலைக்கழக மருத்துவமனையின் சிகிச்சைக்குச் சமமாக இருந்ததை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேலூர் சி.எம்.சி. நடத்தும் குடும்ப மருத்துவத் தொலைநிலைப் பட்டயமும் ஊரில் இருந்தபடியே மருத்துவரை வளர்க்கும் முயற்சிதான். கிராம சுகாதார செவிலியருக்கு இப்படி ஒன்றைத் தமிழில் நடத்துவதற்குத் தொழில்நுட்பம் தடையில்லை.

அரசு செய்யக்கூடியவை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அரசு செவிலியர் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஒரு பங்கு இடங்களைக் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் மலைப்பகுதி மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற பெண்களுக்கும் ஒதுக்க வேண்டும். படிக்கும் காலத்தில் சம்பளமோ உதவித்தொகையோ தர வேண்டும். அவர் இல்லாத காலத்துக்கு மாற்றுப் பணியாளரை முன்கூட்டியே அமர்த்த வேண்டும். பட்டம் பெற்றவர் புறப்பட்ட அதே வட்டாரத்துக்கு நிரந்தரப் பணியிடத்தில் திரும்ப வேண்டும். தாய் சேய் நலச் சிறப்புச் செவிலியர் படிப்புக்கான வழிகாட்டுதலை ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்டுவிட்டது. 18 மாதப் படிப்பு அது. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் பிறந்த பெண்களை அதில் முதலில் சேர்க்கலாம். 2020 தீர்ப்பு சொன்ன ஐந்தாண்டு ஊரகப் பணியை மருத்துவர்களிடம் கண்டிப்பாக வாங்க வேண்டும். வாங்கும்போது குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளி, இரவுப் பாதுகாப்பு ஆகியவற்றையும் செய்து கொடுக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டமன்றத்தில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரும்போது புதிதாக எத்தனை கல்லூரி, எத்தனை இடம் என்ற அறிவிப்புகள் வரும். அவற்றோடு உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதையும் கேளுங்கள்: நம் வட்டாரத்துத் துணை சுகாதார நிலையங்களிலிருந்து இந்த ஆண்டு எத்தனை செவிலியர்கள் சம்பளத்தோடு மேற்படிப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?